பச்சை மை

கீல் என்று இந்த நகரத்துக்குப் பெயர்.
வந்த புதிதில் சிரித்தேன்:
கதவு திரும்பும் இரும்பின் பெயரையா
ஒரு துறைமுகத்துக்கு வைப்பார்கள்?
இப்போது சிரிப்பதில்லை.

அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில்
பதினேழு ஆண்டாகக் கோப்பு வண்டி தள்ளுகிறேன்.
சிவப்பு அட்டை, நாடா,
ஒவ்வொரு தாளின் மூலையிலும்
என் பென்சிலால் ஓர் எண்.
படிப்பது என் வேலையில்லை, எண்ணுவதுதான்.
எண்ணுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா எண்ணுவாள்?

கப்பல் கட்டும் தளத்தின் நிலம்
யாருக்கோ பாதி விலைக்குப் போயிருந்தது.
விற்ற கையைத் தேடினார் கெஷே லோரன்சன்,
மதியத்துக்குக் கேரட் மட்டும் கடிக்கிறவர்,
இந்த ஊரில் இருந்துகொண்டு குடை வாங்காதவர்.
விரலில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கை,
போய்ச் சேர்ந்த தோள் ஓர் அமைச்சருடையது.
எந்தத் துறை?
நீதி.
நாங்கள் சம்பளம் வாங்கும் அதே நீதி.

இங்கே மையிலும் சாதி உண்டு.
அமைச்சருக்கு மட்டும் பச்சை,
அவருக்கு அடுத்தவருக்குச் சிவப்பு,
மற்றவர்க்கு மிஞ்சிய நிறம்.
விருத்தாசலத்தில் ஒரு பச்சைக் கையொப்பத்துக்காக
மதிப்பெண் பட்டியலோடு மூன்று நாள் நின்றவள் நான்.
அந்த நிறத்தை இருட்டிலும் அறிவேன்.
முதல்முறை அது வந்தபோது வெகு பணிவாக இருந்தது:
‘சோதனைக்கு முன் எனக்கோர் அறிக்கை கிடைக்குமா?’
கேள்விக்குறிகூடத் தளிர் மாதிரி.

அறிக்கை போனது.
ஒன்பது நாள் கழித்துச் சோதனைக்குப் போனார்கள்.
அலமாரிகளில் ஈரத்துணி வாசம்.
மேசையில் காபி.
கோப்பைகள் ஏழு.
போனவர்களும் ஏழு பேர்.
திரும்பி வந்த லோரன்சன்
கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதினார்:
ஏழு கோப்பைகள். சூடாக இருந்தன.

அதன்பின் பச்சை மை வரவில்லை.
தொலைபேசி வந்தது.
குரலுக்கு நிறம் கிடையாதே.
‘எழுத்தில் தாருங்கள்’ என்பார் இவர்.
அந்தப் பக்கம் வானிலை பேசும்.
‘எழுத்தில்.’
பாய்மரப் போட்டி பற்றிப் பேசும்.
வைத்த கையோடு மணி, நிமிடம்,
பேசிய மழை உட்பட
எல்லாம் ஒரு தாளில் இறங்கும்.
என்னிடம் தருவார். நான் எண் இடுவேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றுப் பதின்மூன்று.

அக்டோபரில் அவருக்குப் பதவி உயர்வு.
டென்மார்க் எல்லையோரம், பெரிய அறை,
மீன்பிடி உரிம வழக்குகள்.
வாழ்த்து அட்டையில் எல்லோரும் கையெழுத்திட்டோம்,
நானும்தான்.
கேரட் டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கோப்பு ஒருமுறை மேலே போய் இறங்கியது.
நாடாவில் வேறு யாருடையதோ முடிச்சு.
இருநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்து
இருநூற்றுப் பதினான்கு.
புதிதாய் வந்த டெட்லெஃப் யூர்கன்சன்
என் மேசையோரம் சாய்ந்து நின்றார்.
‘வரிசை தப்பியிருக்கிறது பாருங்கள்,
அழித்துவிட்டுச் சரியாக எண்ணிவிடுங்கள்.’
பென்சில்தானே. ஒரு ரப்பர் போதும்.

அந்த ஞாயிறு எக்கன்ஃபோர்டே சாலையில்
ஆளில்லாத வண்டியில் பூசணிக்காய்கள் இருந்தன.
காய் மூன்று யூரோ, ஒரு தகர டப்பா,
பார்க்க மாடுகூட இல்லை.
போட்டேன்.
காசு விழுந்த சத்தம் வயல்வரை கேட்டது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை
நம் பழமொழி எப்போதோ பிடித்துவிட்டது.
சோறு போட்டு மூடிக்கொடுக்கும் அகப்பைக்காரியைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.
வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

திங்கட்கிழமை யூர்கன்சனிடம் சொன்னேன்:
ரப்பர் தீர்ந்துவிட்டது,
கேட்டு எழுதியிருக்கிறேன்,
மூன்று படிவம், ஆறு வாரமாவது ஆகும்.
எழுத்தில் சொல்லுங்கள், இப்போதே கடையில் வாங்கி வருகிறேன்.
அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

காப்பறைக் கதவுக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.
திறப்பதும் மூடுவதும் தெரிவதில்லை.
என் வண்டிச் சக்கரத்துக்குப் போட மறந்துவிட்டார்கள்.
நான்கு மாடிக்கும் கேட்கிறது
நான் வருவது.